துலாக்கோலில் மீண்டும் ஒரு புறா

இங்கிலாந்து நாட்டு வீட்டுத் தோட்டங்களில் இந்நாளில் தொங்கவிடப்படும் பறவைத் தீனிக்குழாய்களுள் ஒருவகை, சற்றே உற்று நோக்கினால், ஒரு தராசு என்பது விளங்கும். தீனி நிரப்பிய குழாயைச் சுற்றி ஓர் உலோக உறை. அவ்வுறையைத் தாங்கி நிற்பது ஒரு சுருள்வில். ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள நீலப் பட்டாணிக்குருவியோ 18 கிராம் எடையுள்ள ராபினோ வந்தமர்ந்தால் உறை அசைவதில்லை. துளைகள் திறந்தே இருக்கும். பறவை உண்டு செல்லும். 300 கிராம் மாடப்புறாவோ 500 கிராம் மரப்புறாவோ வந்தமர்ந்தால், வில் அமிழ்ந்து, உறை கீழிறங்கி, துளைகள் அடைபட்டுவிடும். பசியோடு வந்த பறவை வெறும் உலோகத்தைக் கொத்திவிட்டுப் பறந்துபோகும்.

புறாவும் தராசும் என்றவுடன் தமிழ் பயின்றவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது சிபியின் கதை. பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் வந்தடைந்த புறாவைக் காக்க, அதன் எடைக்கு எடை தன் தசையை அரிந்து வைத்தும் நிறை காணாமல், இறுதியில் தானே தட்டில் ஏறி நின்ற மன்னன் அவன். சோழரை அவன் வழித்தோன்றல்கள் என்று புறநானூற்றுப் புலவர்கள் பாராட்டுவதை வகுப்பறையில் ஆண்டுதோறும் எடுத்துரைத்து வருகிறோம். அங்கே புறா நிறுக்கப்பட்டது, அதைக் காப்பதற்காக. இங்கே புறா நிறுக்கப்படுகிறது, அதை விலக்குவதற்காக. ஒரே பறவை, ஒரே கருவி. நோக்கம் மட்டும் தலைகீழ்!

பறவைக்கு உணவிடுவது அறம் என்று எண்ணும் ஒரு சமூகம், அந்த அறச்சாலையின் வாயிலில் எடை பார்க்கும் காவலனை ஏன் நிறுத்தியது? புறா எப்போது, எவ்வாறு, வேண்டாத விருந்தாளி ஆயிற்று? சிறிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேடிப் புறப்பட்டால் நிலவுடைமை, வெடிமருந்து, புரட்சி, உலகப்போர், நகராட்சி என்று ஐரோப்பிய வரலாற்றின் பல அறைகளுக்குள் நுழைந்து வெளிவர வேண்டியிருக்கிறது. நண்பர்களும் உடன் வரலாம்.

மாடம் கட்டி அழைத்தவர்கள்

நம் மொழியில் 'மாடப்புறா' என்றொரு பெயர் உண்டு. மாடங்களில் வாழ்வதால் அப்பெயர். ஐரோப்பாவிலோ அப்பறவைக்கென்றே தனி மாடங்கள் கட்டப்பட்டன. கடற்கரைப் பாறைகளின் பொந்துகளில் கூடு வைக்கும் இயல்புடைய பாறைப்புறாவை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கிவிட்டான். இன்று நகரங்களில் திரியும் புறாக்கள் அனைத்தும் அவ்வாறு பழக்கப்பட்டவற்றின் வழிவந்து, பின்னர்க் கைவிடப்பட்டவையே. அவை காட்டிலிருந்து நகருக்குள் புகுந்தவை அல்ல; வீட்டிலிருந்து தெருவுக்கு அனுப்பப்பட்டவை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அங்கே புறாமாடங்கள் பெருகின. வட்டமான கற்கட்டடம், உட்சுவர் முழுவதும் வரிசை வரிசையாகப் பொந்துகள், கூரையில் பறவைகள் போய்வர ஒரு திறப்பு. ஹியர்ஃபோர்டுசயர்ப் பகுதியின் கார்வே என்னும் ஊரில் 1326ஆம் ஆண்டைச் சேர்ந்த புறாமாடம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதில் 666 பொந்துகள் உள்ளன. பெட்ஃபோர்டுசயரின் வில்லிங்டனில் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட மாடத்தில் ஏறத்தாழ 1,500 பொந்துகள்!

இத்தனை புறாக்கள் எதற்கு? பறக்கத் தொடங்காத இளங்குஞ்சுகளின் இறைச்சிக்காக. அதனோடு எச்சத்துக்காகவும். புறா எச்சம் வளமான உரம்; தோல் பதனிடவும் பயன்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக அதிலிருந்து வெடியுப்பு கிடைத்தது. வெடிமருந்தின் முதன்மைக் கூறு வெடியுப்பே ஆதலால், 1620களில் முதலாம் சார்லசு மன்னர், புறாமாடங்களின் தரையைக் கல்லோ செங்கல்லோ பதித்து மூடக்கூடாது என்று ஆணையே பிறப்பித்தார். மண்தரையில் எச்சம் ஊறி உப்பு விளைய வேண்டும்; அரசின் ஆட்கள் வந்து தோண்டிச் செல்ல வேண்டும். இன்று எந்த எச்சத்தைக் கண்டு முகம் சுளிக்கிறோமோ, அந்த எச்சம் அன்று நாட்டின் போர்ச்செல்வம்.

ஆனால் இம்மாடத்துப் புறாக்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி தீனி போட்டவர் யார்? மாடத்தின் உடைமையாளர் அல்லர், சுற்றியிருந்த உழவர்கள்! புறா மாடத்தில் உறங்கும், வயலில் மேயும். மாடம் கட்டும் உரிமை நெடுங்காலம் பண்ணைத்தலைவருக்கும் திருச்சபை மடங்களுக்குமே இருந்தது. தன் வயலில் விதைத்த விதையைக் கொத்தும் புறாவைத் தொட உழவனுக்கு உரிமையில்லை. பண்ணைத்தலைவரின் உணவுமேசைக்கு உழவனின் தானியம் சிறகு முளைத்துப் பறந்து சென்றது எனலாம்.

ஓர் ஆணையின் இரண்டாம் பிரிவு

இந்த மனக்குமுறல் பிரான்சில் வெடித்தது. 1789ஆம் ஆண்டு முப்பேராயம் கூடுவதற்கு முன், ஊர்தோறும் குறைகளைத் தொகுத்து ஏடுகள் எழுதப்பட்டன. வரிச்சுமை, உப்புவரி, வேட்டையுரிமை ஆகியவற்றோடு புறாக்களைப் பற்றிய முறையீடும் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகிறது. அவ்வாண்டு ஆகத்து 4ஆம் நாள் இரவில் தேசிய மன்றம் நிலவுடைமைச் சலுகைகளை ஒழிக்க முடிவெடுத்தது. அம்முடிவு சட்டவடிவம் பெற்றபோது அதன் இரண்டாம் பிரிவு எதைப் பற்றியது தெரியுமா? புறாமாடங்களைப் பற்றியது! மாடம் வைக்கும் தனியுரிமை ஒழிக்கப்பட்டது. ஊரார் குறிக்கும் காலங்களில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும். அக்காலத்தில் வெளியே வருபவை வேட்டைப்பறவைகளாகக் கருதப்படும். அவரவர் நிலத்தில் அவரவர் கொல்லலாம் என்று அப்பிரிவு விதித்தது.

மானுட வரலாற்றின் மாபெரும் புரட்சிகளுள் ஒன்று, தன் தொடக்க நாள்களிலேயே, புறாவைத் தானியத்திலிருந்து எவ்வாறு விலக்குவது என்ற கேள்விக்கு விடை எழுதிவிட்டது. இன்று தோட்டக்காரர் கேட்கும் அதே கேள்வி அது. ஆனால் அன்று கேட்டவன் பசித்த உழவன். அவன் பகை புறாவோடு அல்ல, புறாவை அனுப்பியவரோடு.

இங்கிலாந்தில் புரட்சி வரவில்லை. ஆயினும் மாடங்கள் வெறிச்சோடின. குளிர்காலத்தில் கால்நடைகளுக்குத் தீவனமாகக் கிழங்குப் பயிர்கள் பரவியதால் ஆண்டு முழுவதும் புதிய இறைச்சி கிடைக்கலாயிற்று. தானிய விலை ஏறியபோது, புறா தின்னும் தானியம் அது தரும் இறைச்சியைவிட மதிப்புடையதாகத் தோன்றிற்று. வெடியுப்பும் இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பீகார்ப் பகுதியிலிருந்து, கப்பல் கப்பலாக வந்திறங்கியது. இறைச்சியும் வேண்டாம், எச்சமும் வேண்டாம் என்றான பின் புறா எதற்கு? மாடங்கள் பாழடைந்தன. புறாக்கள் தேவாலயக் கோபுரங்களையும் பாலங்களின் அடிப்புறங்களையும் பாறைகளாகப் பாவித்துக் குடியேறின.

பனிக்காலத்து அறம்

தோட்டத்துப் பறவைக்கு உணவிடும் வழக்கம் இதற்குப் பின்னரே உருப்பெறுகிறது. ஷ்ராப்சயரில் வாழ்ந்த கவிஞரும் இயற்கை ஆர்வலருமான ஜான் டோவஸ்டன் என்பவர் 1820களில் தம் தோட்டத்தில் தீனித்தொட்டி ஒன்றை அமைத்து, பறவையூட்டி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் 'ஆர்னித்தோட்ரோப்' என்று அதற்குப் பெயரிட்டார். அன்று அது தனிமனிதர் ஒருவரின் விளையாட்டு. அதை நாட்டுவழக்கம் ஆக்கியது 1890-91ஆம் ஆண்டின் கடுங்குளிர். வாரக்கணக்கில் நிலம் உறைந்து பறவைகள் செத்து விழுந்தபோது, உணவுத் துணுக்குகளை வெளியே வைக்குமாறு செய்தித்தாள்கள் மக்களை வேண்டின. 1910இல் பறவைக்கு உணவிடுவது ஒரு தேசியப் பொழுதுபோக்கு என்று 'பஞ்ச்' இதழ் எழுதும் அளவுக்கு அவ்வழக்கம் வேரூன்றியது.

அக்காலத்தில் வேண்டாத விருந்தாளி யார் தெரியுமா? புறா அன்று; சிட்டுக்குருவி! செருமனியின் செபாக் பண்ணையில் பறவைப்பேணலை ஒரு துறையாகவே வளர்த்த பெர்லெப்சு பிரபு, பனியால் மூடப்படாதவாறு கூரையிட்ட தீனிவீடுகளை வடிவமைத்தார். பயிர்ப்பூச்சிகளைத் தின்னும் பறவைகளைப் பெருக்குவதே அவர் நோக்கம். தானியம் தின்னும் சிட்டுக்குருவிக்கு அவர் பட்டியலில் இடமில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்து அரசு ஊர்தோறும் 'எலி, சிட்டுக்குருவி ஒழிப்பு மன்றங்களை' ஊக்குவித்தது. கொன்ற குருவிகளின் தலைக்குக் காசு கிடைத்தது.

மரப்புறாவோ அந்நாளில் வரவேற்புக்குரிய புதுவரவு. டபிள்யூ. எச். ஹட்சன் 1898இல் வெளியிட்ட இலண்டன் பறவைகள் பற்றிய நூலில், அண்மைக் குடியேறிகளைப் பற்றிய இயலில், நகரப் பூங்காக்களுக்குள் மரப்புறா வந்து சேர்ந்ததை எழுதியிருக்கிறார். வயல்வெளியின் கூச்சம் மிகுந்த பறவை ஒன்று நகரத்து மனிதரை நம்பத் தொடங்கியது அன்று வியப்புக்குரிய செய்தி.

பைரியும் புறாவும்

சிபியின் கதையில் பருந்து, புறா, மன்னன் என மூவர். இருபதாம் நூற்றாண்டின் பிரித்தானிய அரசும் ஒருமுறை புறாவின் பக்கம் நின்று பருந்தை எதிர்த்தது. இரண்டாம் உலகப்போரில், வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்தும் பகைவர் பிடியிலிருந்த நாடுகளிலிருந்தும் செய்தி சுமந்து வந்தவை அஞ்சற்புறாக்கள். கடற்கரைப் பாறைகளில் வாழும் பைரிகள் அவற்றை வேட்டையாடிவிடும் என்று அஞ்சிய அரசு, பைரிகளைக் கொல்ல 1940இல் ஆணை பிறப்பித்தது. நூற்றுக்கணக்கான பைரிகள் சுடப்பட்டன. விலங்குகளின் போர்த்தொண்டுக்கென 1943இல் ஏற்படுத்தப்பட்ட டிக்கின் பதக்கத்தை முதன்முதலில் பெற்றவை மூன்று புறாக்கள். மொத்தம் 32 புறாக்களுக்கு அப்பதக்கம் அளிக்கப்பட்டது. அதே போர்க்காலத்தில், உணவை வீணாக்குவதைத் தடுக்கும் ஆணையின்கீழ், பறவைக்கு ரொட்டி வீசுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் இணைத்து நோக்க வேண்டும். பயன்படும் புறாவுக்குப் பதக்கம். பயன்படாத பறவைக்கு ரொட்டித்துண்டும் இல்லை!

போர் முடிந்தது; கம்பியில்லாத் தந்தி வளர்ந்தது; புறாவின் இறுதி வேலையும் போயிற்று. 1964இல் வெளிவந்த 'மேரி பாப்பின்சு' திரைப்படத்தில், தூய பால் தேவாலயப் படிகளில் அமர்ந்து பறவைத்தீனி விற்கும் முதியவளைக் காட்டும்போது, புறாவுக்கு இரையிடுவது இன்னும் இரக்கத்தின் அடையாளமாகவே இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1966இல், நியூயார்க் நகரப் பூங்காத் துறையின் தலைவர் தாமசு ஹோவிங் புறாக்களைச் 'சிறகு முளைத்த எலிகள்' என்னும் பெயரோடு சேர்த்துப் பேசியது நாளிதழில் வெளியாயிற்று. பிற்காலத்தில் திரைப்படங்கள் வழியே அத்தொடர் உலகெங்கும் பரவியது. ஒரு பறவையை விலக்குவதற்கு முன் அதற்கு ஒரு பெயர் சூட்ட வேண்டியிருக்கிறது. பெயர் ஒட்டிக்கொண்டபின் விலக்குவது எளிதாகிவிடுகிறது.

சதுக்கத்திலிருந்து வெளியேற்றம்

இலண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் தீனி விற்பனை 2001இல் நிறுத்தப்பட்டது. 2003இல் அங்கே புறாக்களுக்கு இரையிடுவதே தடைசெய்யப்பட்டது. 2007இல் அத்தடை சதுக்கத்தின் வடபுறத்துக்கும் விரிந்தது. வெனிசு நகரத்தின் தூய மார்க்கு சதுக்கத்திலும் 2008இல் தீனி விற்பவர்கள் வெளியேற்றப்பட்டனர். டிரஃபால்கர் சதுக்கத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. புறாக்களை விரட்டப் பழக்கப்பட்ட ஹாரிசு பருந்து ஒன்று கூலிக்கு அமர்த்தப்பட்டது! 1940இல் புறாவுக்காகப் பைரியைச் சுட்ட நாடு, இரண்டு தலைமுறைகளுக்குள் புறாவுக்கு எதிராகப் பருந்தைப் பணியில் சேர்த்தது. புறா மாறவில்லை, பருந்தும் மாறவில்லை. இடையில் நின்ற மன்னனின் தேவை மாறியிருந்தது.

இந்த வரலாற்றில் நம் கவனத்தை மிகுதியாகக் கவர்வது சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம். 1961 முதல் 1985 வரையான காலத்தில் அந்நகரில் ஏறத்தாழ 1,00,000 புறாக்கள் பொறிவைத்தும் சுட்டும் கொல்லப்பட்டன. பயன்? நகரத்துப் புறாக்களின் எண்ணிக்கை 20,000 என்ற அளவிலேயே நின்றது. கொல்லப்பட்டவற்றின் இடத்தை இளம்புறாக்கள் உடனுக்குடன் நிரப்பின. நகரம் தரும் உணவு குறையவில்லையே! உயிரியலாளர் டேனியல் ஹாக்-வாக்கர்நாகல் வழிகாட்ட, 1988இல் அந்நகரம் வேறு வழியில் இறங்கியது. மிகுதியான உணவு மிகுதியான குஞ்சுகளையும், நெரிசலையும், நோயையுமே தருகிறது. இரக்கத்தால் வீசும் ரொட்டி புறாவுக்கே தீங்காகிறது என்று மக்களுக்கு எடுத்துரைத்தது. கண்காணிக்கப்பட்ட சில மாடங்களைக் கட்டித் தந்தது. நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. துப்பாக்கியால் முடியாததை, வீசும் கை சற்றே தாழ்ந்ததால் சாதிக்க முடிந்தது. தோட்டத்துத் தீனிக்குழாய்க்கும் இதுவே பாடம்.

தீனிக்குழாயின் இலக்கணம்

இனித் தோட்டத்துக்கு வருவோம். புறாவின் உடலமைப்பே அதை விலக்கும் வழியைக் கற்பிக்கிறது. அது நிலத்தில் நடந்து மேயும் பறவை. பட்டாணிக்குருவியைப் போலத் தலைகீழாகத் தொங்கவும் கம்பியைப் பற்றி ஊசலாடவும் அதனால் இயலாது. அதற்கு வேண்டியது உடலை ஊன்றி நிற்கத் தட்டையான இடம். பழைய தீனிமேசை இத்தட்டையான இடத்தையே தந்தது. ஆகவே புறாவை அழைத்தது.

1969இல் அமெரிக்காவின் ரோட் தீவைச் சேர்ந்த பீட்டர் கில்லம் வடிவமைத்த தீனிக்குழாய் இந்நிலையை மாற்றியது. தெளிவான நெகிழிக்குழாய், சிறு துளைகள், துளைக்கொரு குட்டைக் குச்சி. சிறு பறவைக்கு அது போதும். புறாவுக்கு நிற்க இடமில்லை. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுமைகள் வந்தன. குழாயைச் சுற்றிக் கம்பிக்கூண்டு: சிறு பறவை நுழையும், புறாவின் தோள் நுழையாது. மேலே கவிழ்த்த கிண்ணம் போன்ற மூடி. எடையறியும் சுருள்வில். ஒவ்வொன்றும், யார் வரலாம் யார் வரக்கூடாது என்று எழுதிய நுழைவு விதியே.

ஆனால் பட்டறிந்தோர் கூறும் முதல் வழி கூண்டு அன்று, தீனியைத் தேர்வதே. மலிவான கலவைத் தீனியில் கோதுமை, வாற்கோதுமை, உடைத்த சோளம் ஆகியன இட்டு நிரப்பப்படுகின்றன. சிறு பறவைகள் அவற்றை விரும்பாமல், சூரியகாந்தி விதையைத் தேடி, மற்றதைக் கீழே தள்ளிவிடுகின்றன. கீழே சிதறிய அத்தானியமே புறாவுக்கு விருந்து. மேலே எத்தனை காவல் வைத்தாலும் கீழே பந்தி நடந்துகொண்டே இருக்கும்! தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பை மட்டும் இட்டால் சிதறல் குறையும். அன்றன்று தீரும் அளவுக்கே இடுவது, குழாயின் அடியில் சிந்துவதைத் தாங்கத் தட்டு மாட்டி அதை நாள்தோறும் ஒழிப்பது, நிலத்தைக் கூட்டுவது, குழாய்க்குக் கீழே முட்செடி ஒன்றை வளர்ப்பது ஆகிய எளிய வழிகளே பெரும்பயன் தருகின்றன. ராபினைப் போல நிலத்தில் மேயும் சிறு பறவைகளுக்கெனத் தரையில் கவிழ்த்து வைக்கும் கம்பிக்கூண்டும் உண்டு.

மற்றொரு விதை நமக்கு அயலானது அன்று. 'நைஜர்' என்று அங்கே விற்கப்படும் நுண்ணிய கரிய விதை, நம் கிருட்டிணகிரி, தருமபுரிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் பேயெள்ளே! இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் அது மேலைநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. மயிரிழை போன்ற பிளவுகளுடைய குழாயில் அதை இட்டால், கூர்நுனி அலகுடைய கோல்டுஃபிஞ்சு போன்ற சிறு பறவைகளே உருவி உண்ணும். புறா ஏமாந்து நிற்கும். 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியத் தோட்டங்களில் பத்தில் ஒன்றின் தீனித்தட்டில்கூடக் காணப்படாத கோல்டுஃபிஞ்சு, 2012இல் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட தோட்டங்களில் உண்டது என்று 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டுகிறது. தீனிக்குழாய் பறவையை விலக்கவும் செய்கிறது, உருவாக்கவும் செய்கிறது.

ஆயினும் கூண்டு நீதியறியாது. மரப்புறாவைத் தடுக்கும் கூண்டு, இனிய குரலுடைய பிளாக்பேர்டு என்னும் கரும்பறவையையும் தடுத்துவிடும். எடையையும் உடற்பருமனையும் மட்டுமே அறிந்த காவலனுக்குப் பாட்டு விளங்காது.

இரக்கத்தின் மறுபக்கம்

இவையெல்லாம் வெறும் விருப்பு வெறுப்பு என்று ஒதுக்க முடியாதபடி ஒரு நோய் இடையில் நுழைந்தது. புறாக்களின் தொண்டையில் வாழும் நுண்ணுயிரி ஒன்றால் வரும் டிரைக்கோமோனோசிசு, புறா வளர்ப்போரும், புறா தின்ற வல்லூறுகளுக்கு அது தொற்றுவதைக் கண்ட வேட்டைக்காரரும் நெடுங்காலமாக அறிந்த நோய். 2005இல் அது பிரித்தானியாவில் ஃபிஞ்சுப் பறவைகளிடம் பரவிக் காணப்பட்டது. தொண்டை அடைத்து, விழுங்க முடியாமல், தீனிக்கு நடுவிலேயே பட்டினி கிடந்து அவை இறந்தன. தோட்டங்களில் மலிந்திருந்த கிரீன்ஃபிஞ்சு பெருமளவில் அழிந்து, 2021இல் அந்நாட்டின் அழிவபாயச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எச்சிலும் எச்சமும் ஒன்றாகச் சேரும் தட்டையான பரப்பு இந்நோய்க்கு வாய்ப்பான இடம் என்ற அச்சத்தால், அந்நாட்டின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2025இல் தட்டையான தீனித்தட்டுகளின் விற்பனையை நிறுத்தி வைத்தது.

ஆக, புறாவுக்கு நிற்க இடமளிக்காத குழாய் வெறும் மேட்டிமையின் சின்னம் அன்று. அதற்கு உடல்நலக் காரணமும் உண்டு. அதேவேளை, பழியைப் புறாவின் தலையில் மட்டும் சுமத்தவும் இயலாது. ஃபிஞ்சுகள் இன்று தம்முள்ளேயே அந்நோயைப் பரப்பிக்கொள்கின்றன. வெவ்வேறு இனங்களை ஒரே தட்டில், இயற்கையில் ஒருபோதும் காணாத நெருக்கத்தில், நாள்தோறும் கூடச் செய்தது மனிதரின் விருந்தோம்பலே. கழுவாத தட்டில் படைக்கும் விருந்து அறமாகாது. வாரந்தோறும் குழாயைக் கழுவி உலர்த்துவதும், இடத்தை மாற்றுவதும், நோயுற்ற பறவையைக் கண்டால் சில வாரங்கள் தீனியை நிறுத்துவதும் புறாவை விலக்குவதைவிடத் தலையாய கடமைகள்.

மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல்

வேண்டாதவர் பட்டியல் நிலையானதா என்று இறுதியாகப் பார்ப்போம். முதல் உலகப்போரில் தலைக்கு விலை வைக்கப்பட்ட சிட்டுக்குருவி, 2002இல் பிரித்தானியச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அதைத் திரும்ப அழைக்க இன்று கூடுகள் மாட்டுகிறார்கள். மைனாவின் உறவான ஸ்டார்லிங், தீனியை அடாவடியாகப் பறிக்கும் பறவை என்று ஏசப்பட்டது. அதே ஆண்டு அதுவும் அப்பட்டியலில் சேர்ந்தது. நம் நாட்டிலும் காணப்படும் கள்ளிப்புறா, ஆசியாவிலிருந்து மேற்கே பரவி 1955இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் முதன்முதலில் கூடு வைத்தபோது, பறவை ஆர்வலர்கள் அதைக் காணப் பயணம் செய்தார்கள். பெருகியதும் அது சலிப்புக்குரிய பறவையாயிற்று. மரப்புறாவோ, 1970களிலிருந்து பரவிய கடுகினப் பயிரான ரேப் வயல்களில் குளிர்காலம் முழுவதும் இலை கிடைத்ததால் பெருகித் தோட்டங்களுக்குள் நுழைந்தது. அதை அழைத்ததும் மனிதரின் உழவே.

புறாக் குடும்பத்தின் மற்றோர் உறுப்பினரான டர்ட்டில் புறா, ஐரோப்பிய இலக்கியத்தில் காதலுக்கும் பிரியாமைக்கும் உவமையாகிய பறவை, 1960களின் எண்ணிக்கையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிரித்தானியாவிலிருந்து மறைந்துவிட்டது. களைக்கொல்லிகளால் அது உண்ணும் களைவிதைகள் அற்றுப்போனது முதன்மைக் காரணங்களுள் ஒன்று. கிழக்கு இங்கிலாந்தின் பண்ணைகளில் இன்று அதற்கெனவே விதைகளை நிலத்தில் தூவுகிறார்கள். ஒரு வேலியின் இப்பக்கம் புறாவை விலக்கக் கூண்டு. அப்பக்கம் புறாவை அழைக்க விதை. விருந்தாளி, வேண்டாதவர் என்னும் சொற்கள் பறவையின் இயல்பைச் சொல்பவை அல்ல. அந்தந்தக் காலத்து மனிதரின் தேவையைச் சொல்பவை.

புறாவைத் தீனிக்குழாயிலிருந்து விலக்குவது பாவமா என்று கேட்டால், அல்ல என்பதே நம் விடை. நஞ்சும் வலையும் இன்றி, கொடுக்கும் பொருளையும் அளவையும் பாத்திரத்தையும் மாற்றி விலக்குவது நேர்மையான வழி. 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் காட்டுயிர்ச் சட்டமும் தோட்டத்தில் தொல்லை என்பதற்காக ஒரு பறவையைக் கொல்ல இடந்தருவதில்லை. ஆனால் விலக்கும்போது, இப்பறவையை மாடம் கட்டி வளர்த்ததும், வயலில் மேயவிட்டதும், போருக்கு அனுப்பியதும், வேலை முடிந்ததும் தெருவில் விட்டதும் யார் என்பது நினைவில் இருக்க வேண்டும். சிறகு முளைத்த எலி என்று வாய் தவறியும் சொல்லாதிருக்க அந்த நினைவு உதவும்.

சிபியின் தராசில் எத்தனை தசை வைத்தும் புறாவின் தட்டு மேலெழவில்லை. பறவையின் எடை மட்டுமே அங்கே கணக்கு அன்று என்பதை உணர்ந்த பின்னரே மன்னன் தானே ஏறி நின்றான். தோட்டத்துத் தராசு நாள்முழுதும் பறவைகளை நிறுத்துக்கொண்டிருக்கிறது. கழுவாத தட்டும், சிதறிய தானியமும், அளவறியாது வீசும் கையும் அதன் மறுதட்டில் எப்போது ஏறும் என்பதை, காலையில் தீனி நிரப்ப வருபவரே சொல்ல வேண்டும்.